கியோட்டோவில் துடக்குக் காத்தவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கைபேசியில் இருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து நாலு பேரிடம் சொல்லித் திரிவதைவிட இது மரியாதை.

டென்மார்க்கில், ரண்டர்ஸ் என்ற ஊரில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். நான் ஓகூஸில் இருந்து போயிருந்தேன். மண்டபத்தில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பிள்ளைகள் டேனிஷில் கத்திக்கொண்டு மேசைகளுக்கு அடியில் ஓடினார்கள். என் பக்கத்துக் கதிரையில், அறுபதை நெருங்கும் ஒரு பெண் தனியாக இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத என் வாய், விடுமுறைக்கு எங்கேயாவது போனீர்களா என்று கேட்டது. யப்பானுக்குப் போனதாகச் சொன்னார். கியோட்டோ என்று ஒரு இடமாம். கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார்.

எல்லாம் கோயில் வாசல்கள். பெரிய மரக்கதவுகள், ஓடு வேய்ந்த மதில்கள், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் சிவந்த கொப்புகள். தள்ளத் தள்ள மதில்தான் வந்தது. கோயிலின் உள்பக்கம் ஒரு படத்திலும் இல்லை. தோட்டம் ஒன்றுகூட இல்லை. கோயிலுக்கும் தோட்டத்துக்கும் பேர்போன ஊருக்கு அவ்வளவு தூரம் பறந்து போய், மனுசி மதிலைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"உள்ளுக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

"ஏன், பூட்டியிருந்ததோ?"

"திறந்துதான் கிடந்தது. எனக்குத் துடக்கு."

அதற்குள் சாப்பிட வரச்சொல்லி ஒலிவாங்கியில் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்விட்டார். யாருடைய துடக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் நான் கட்டியது.

(துடக்கு என்றால் தீட்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்கும் அதன் பங்காளிகளுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டால் துடக்குக் கழியும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களும் வாசிக்கிறார்கள்.)

2

தொடக்கங்கள்.

"இலையுதிர்காலத்துக் கியோட்டோ, மடிப்புக் குலையாத சிவப்புப் பட்டுச் சேலையைப் போல…"

அடித்துவிட்டேன். நான் கியோட்டோவைக் கண்ணால் கண்டதில்லை. சேலைக் கடைக்காரர்கூட இப்படி எழுத வெட்கப்படுவார்.

"ராசமலரின் கணவர் இறந்த செய்தி வந்தபோது அவள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். கணவர் என்றால்…"

இதில் நிறையக் காலம் நின்றுவிட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

"ராசமலர் தனியாக இருந்தாள்."

இது உண்மை. ஆனால் எந்தக் கதைக்கும் இதைத் தொடக்கமாக வைக்கலாம், எந்த டேனிஷ் நவம்பருக்கும் பொருந்தும். சிறந்த தொடக்கம் அல்ல. என்றாலும் இதையே வைத்துக்கொள்கிறேன், வேறு வழியில்லை.

3

ராசமலர் தனியாக இருந்தாள். ரண்டர்ஸில், மூன்றாம் மாடியில். வேலை முதியோர் பராமரிப்பு இல்லத்தில். ஊரில் இருந்து டென்மார்க்குக்கு மணப்பெண்ணாக வந்தவள். மாப்பிள்ளை பாலேந்திரா அப்போது இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு நின்றான். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, ஊசி, விரதம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பிறகு பாலேந்திராவுக்குக் கோபன்ஹேகன் பக்கம் வேலை கிடைத்தது. முதலில் சனி, ஞாயிறு வந்து போனான். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு ஒருநாள் வந்து, கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில், இஷொயில் கிருசாந்தி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னான்.

அவர்கள் சண்டை பிடித்திருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். பிடிக்கவில்லை. அவள் தேத்தண்ணி போட்டாள், அவன் குடித்தான். விவாகரத்துக் கடுதாசிகளில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். உடுப்புப் பெட்டியோடு வாசல்வரை போனவன், சமையலறை பல்ப் எரியவில்லை என்று திரும்பி வந்து, கதிரையில் ஏறி மாற்றிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை. அதெல்லாம் நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

(தாலியை என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். தாலியைப் பற்றி எங்கள் எழுத்தாளர்கள் தேவைக்கு மேல் எழுதிவிட்டார்கள். மண்டை காய்ந்தால் நீங்களே ஏதாவது நினைத்துக்கொள்ளுங்கள்.)

இனி, ஏன் கியோட்டோ?

எங்கள் ஆட்கள் நாடு பார்க்கப் போவதில்லை, வீடு பார்க்கத்தான் போகிறார்கள். லண்டன் என்றால் சித்தி வீடு. ரொறன்ரோ என்றால் ஒன்றுவிட்ட அண்ணர் வீடு. பாரிஸ் கோபுரத்தை, கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் போதும். ராசமலரும் அப்படித்தான் போய் வந்தாள். போன வீட்டில் எல்லாம், "தனியவோ வந்தனீர்?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, பாவம் பார்த்து அவள் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு துண்டு இறைச்சி கூடுதலாக வைத்தார்கள். அந்தக் கூடுதல் துண்டு அவளுக்கு ஒருபோதும் செமித்ததில்லை.

ஒருநாள் தொலைக்காட்சியில் கியோட்டோவைக் காட்டினார்கள். மொட்டைத் தலையோடு ஒருவர், வெள்ளைக் கல் பரப்பிய முற்றத்தை வாரிக்கொண்டிருந்தார். நடுவில் பெரிய கற்கள் தள்ளித் தள்ளி இருந்தன. ஒரு கல் இன்னொரு கல்லைப் பார்த்து, தனியவோ வந்தனீர் என்று கேட்கவில்லை. ராசமலர் அடுத்த கிழமையே பயணச்சீட்டுப் போட்டுவிட்டாள்.

வேலையிடத்தில் அவளோடு சேர்ந்து கிழவிகளைக் குளிப்பாட்டுகிற கிறிஸ்ரினா மட்டக்களப்புக்காரி. செய்தியைக் கேட்டதும் துவாயைக் கீழே வைத்துவிட்டாள்.

"யப்பான்ல ஆரக்கா இருக்காங்க உங்களுக்கு?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகு ஏன் போறீங்க?"

"அதுக்குத்தான் போறன்."

கிறிஸ்ரினாவுக்கு விளங்கவில்லை. அவளுக்கு நோர்வேயில் மட்டும் இரண்டு அக்காமார்.

4

பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போது ராசமலர் தமிழ்க் கடைக்குப் போனாள். கடைக்கார அந்தோனிதாசன் நல்ல பெடியன். பெடியன் என்றாலும் வயது ஐம்பது. கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அறிஞ்சனீங்களோ? இஷொயிலை பாலேந்திரா அண்ணை மோசம் போயிட்டாராம். நேற்று விடிய. ஹார்ட் எண்டு சொல்லுறாங்கள்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"ஐயோ அக்கா… உங்கடை…" என்றான்.

அந்த வசனம் முடியவில்லை. நானும் முடித்துப் பார்த்தேன். உங்கடை கணவர்? இல்லை, கிருசாந்தியின் கணவர். உங்கடை பழைய ஆள்? சாவுச் செய்தியில் அப்படி யாராவது சொல்வார்களா? டேனிஷில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, அரசாங்கம் கடிதத்தில் போடும். அது அந்தோனிதாசனின் வாயில் வராது. அவன் என்ன செய்வான், பாவம். ஒரு பிடி கறிவேப்பிலையை எடுத்து அவளுடைய பைக்குள் சும்மா போட்டான். ராசமலருக்குக் கிடைத்த துக்க விசாரிப்பு அது ஒன்றுதான். அவள் நன்றி சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறி, மடியில் பையை வைத்துக்கொண்டு அழுதாள். நன்றாகவே அழுதாள். பக்கத்தில் இருந்த டேனிஷ்காரர் எழுந்து தள்ளிப் போய் நின்றார். அவளுக்கு அது வசதியாக இருந்தது.

5

வீட்டுக்கு வந்ததும் அவள் மனதில் முதலில் வந்தது இதுதான்: துடக்காகிவிட்டதே, கோயில் ஊருக்கு எப்படிப் போவது?

இந்த யோசனை வந்ததும் அவளுக்கு ஒரு ஆறுதல் வந்தது. சரி, பயணத்தை நிறுத்தத்தான் வேண்டும். யாராவது அழைத்து, "துடக்கோடை எங்கை வெளிக்கிடுறீர்?" என்று ஏசுவார்கள். ஏசட்டும். அவள் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு அதன் முன்னால் இருந்தாள்.

ஒருவரும் ஏசவில்லை. ஒருவரும் அழைக்கவே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை எழுத அனுமதியுங்கள். துடக்கு என்பதை நாங்கள் தொல்லை என்றுதான் நினைக்கிறோம். கல்யாணம் தள்ளிப்போகும், திருவிழா போய்விடும், பங்காளி யாரோ கனடாவில் செத்ததற்கு இங்கே ஒருவன் முணுமுணுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகாமல் இருப்பான். ஆனால் நன்றாக யோசித்தால், நீ யாருடைய ஆள் என்பதற்கு எங்களிடம் இருக்கும் கடைசிக் கணக்கு அதுதான். உன் மீது யாருடைய சாவு படுகிறதோ, நீ அவர்களுடைய ஆள். பெண்ணுக்குக் கல்யாணத்தோடு பிறந்த வீட்டுத் துடக்குக் குறைந்துபோகும், புருஷன் வீட்டுத் துடக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு டென்மார்க் அரசாங்கம் கையெழுத்து வாங்கிப் பிரித்துவிட்டால்? புருஷன் வீட்டுத் துடக்குப் போய்விடும். பிறந்த வீட்டுத் துடக்கு முழுதாகத் திரும்பி வருமா? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ராசமலரைப் போல ஒருத்தி வருவாள் என்று பழைய ஆட்கள் நினைத்திருக்கமாட்டார்கள். அவள் இப்போது யார் செத்தாலும் மறுநாளே கோயிலுக்குப் போகலாம். தனிமை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அவள் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஐயா, ஒரு ஆளுக்காகக் கேக்கிறன்."

"சொல்லுங்கோ அம்மா."

"புருசன் பிரிஞ்சு போய் வேறை கலியாணமும் செய்தவர். இப்ப மோசம் போயிட்டார். அந்த முதல் மனுசிக்குத் துடக்கு இருக்குத்தானே?"

"எழுத்துப்படி பிரிஞ்சவையோ?"

"ஓம்."

"அப்ப ஒண்டும் இல்லையம்மா. முழுகிப்போட்டு விளக்கு வைக்கலாம். நாளைக்கே கோயிலுக்கும் வரலாம். அந்தப் பிள்ளையை ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

"ஓம் ஐயா. சொல்லிவிடுறன்."

ஐயர் நல்லவர், அக்கறையாகத்தான் சொன்னார். அந்தப் பிள்ளை சமையலறைக் கதிரையில் நெடுநேரம் இருந்தது.

கடைசியில் அவள் சரோஜினிதேவியை அழைத்தாள். பாலேந்திராவின் தமக்கை, ஒருகாலத்தில் இவளுக்கு மச்சாள். அவரும் இஷொயில்தான். இந்த மனுசியைக் கொடுமைக்காரியாக எழுதலாம் என்று முதலில் ஆசைப்பட்டேன். சரிவரவில்லை.

"மச்சாள், நான் ராசமலர்."

"ஓ… மலரே. அறிஞ்சிட்டீரோ?"

"வியாழக்கிழமை கிரியையாமே. அண்டைக்குத்தான் நான் யப்பானுக்குப் போக இருந்தனான். இப்ப…" என்று நிறுத்திவிட்டு அவள் காத்திருந்தாள்.

"யப்பானுக்கோ! நல்லது, நல்லது. பயணத்தைக் குழப்பாதையும். இஞ்சை கிருசாந்தியும் பிள்ளையளும் நிக்கினம், எங்கடை ஆக்கள் எல்லாரும் வந்திட்டினம். நீர் ஏன் அலைவான்?"

"இல்லை மச்சாள், அது கோயில் ஊர். துடக்கோடை…"

"உமக்கென்னப்பா துடக்கு?" என்றார் சரோஜினிதேவி. கோபமாகச் சொல்லவில்லை. அன்பாக, ஆறுதலாக, ஒரு பாரத்தை இறக்கிவைப்பவரைப் போலச் சொன்னார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் இவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

6

இந்த இடத்தில் எனக்கும் பாத்திரத்துக்கும் தகராறு வந்தது. பயணத்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்து துடக்குக் காத்தால் என்ன என்று நான் கேட்டேன். ராசமலர் சொன்ன காரணத்தை அப்படியே தருகிறேன்: ரண்டர்ஸில் துடக்குக் காப்பதும் காக்காமல் விடுவதும் ஒன்றுதான். கோயிலுக்குக் கார் வேண்டும், அவளிடம் கார் இல்லை. சாதாரண மாதங்களிலேயே அவள் கோயிலுக்குப் போவதில்லை. விலகி நிற்பதற்கும் ஒரு கோயில் வேண்டாமா? கியோட்டோவில் சந்திக்குச் சந்தி கோயில். அங்கே போய் விலகி நின்றால், அது விலகி நிற்பதாக இருக்கும்.

கொடுக்க ஆள் இல்லாத துடக்கை அவள் தானே எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை அவள் ரயில் ஏறினாள். ரயில் கோபன்ஹேகனை நெருங்கும்போது இஷொய் ஒரு பக்கமாக இருக்கும். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனாள். பிணத்தை அந்நேரம் எடுத்திருப்பார்கள்.

7

கியோட்டோ.*

* மறுபடியும் சொல்கிறேன், நான் போனதில்லை. கணினியில் தெருத்தெருவாகத் தள்ளிப் பார்த்தேன். அந்த வசதியும் கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே போகவிடாது. ஆகவே நானும் ராசமலரும் ஏறத்தாழ ஒரே கியோட்டோவைத்தான் பார்த்திருக்கிறோம்.

காலையில் எழும்பி முழுகுவாள். நடப்பாள். கோயில் வந்ததும் வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பாள். சனம் உள்ளே போகும், வெளியே வரும். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, உள்ளே தோட்டம் எப்படி இருக்கும் என்று ஊகிப்பாள். பிறகு மதிலோடு நடந்து முழுக் கோயிலையும் வெளியால் சுற்றி வருவாள். சில மதில்கள் முடியவே முடியாது.

(புத்த கோயிலுக்கு எங்கள் துடக்குப் பொருந்துமா என்று ஒரு நண்பர் கேட்டார். ராசமலரும் யோசித்தாள். ஊரில் விகாரை என்றால் அவளுக்கு முதலில் பக்கத்தில் இருக்கும் ஆமிச் சென்றிதான், இராணுவக் காவலரண்தான், நினைவு வரும். அதற்குள் போக அவள் எப்போதும் விரும்பியதில்லை. விருப்பம் இல்லாத இடத்துக்குப் போகாமல் இருப்பது துடக்கு ஆகாது. ஆனால் இங்கே மணிச்சத்தம் கேட்டபோது உள்ளே போகவேண்டும் போல இருந்தது. அதனால் பொருந்தும் என்று தீர்மானித்தாள்.)

ஒரே ஒருநாள் தவறு நடந்தது. மலையடிவாரம் ஒன்றில் சிவப்பு வாசல்கள் வரிசையாக நின்றன. ஒரு வாசலுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. கோயில் கடைசியில் எங்கேயோ இருக்கும், அதுவரை போகலாம் என்று நினைத்து நடந்தாள். வாசல்கள் முடியவில்லை. பாதி மலையில்தான் அவளுக்கு உறைத்தது: இங்கே வாசல்தான் கோயில். அவள் எப்போதோ உள்ளே வந்துவிட்டாள்! "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு, ஏறிவரும் கூட்டத்துக்கு எதிராக ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். இடித்துக்கொண்டவர்களிடம் எல்லாம் டேனிஷில் மன்னிப்புக் கேட்டாள். கீழே வந்து மூச்சு வாங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தாள். பாலேந்திராவிடம் சொல்லியிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். அந்த நினைவு வந்ததும் நடைபாதை ஓரத்தில் குந்திவிட்டாள்.

சாப்பாடும் வில்லங்கம். மீன் இறைச்சி தொடக்கூடாது என்று தனக்கு விதித்திருந்தாள். தெளிந்த ரசத்தில் மிதக்கும் மாவு நூலை மரக்கறி என்று நம்பி வாயில் வைத்தால், சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாட்டின் மணம் அப்படியே மூக்கில் ஏறியது. எங்கே போனாலும் ரசத்தில் அது இருந்தது. மிச்ச நாட்களைச் சோறும் ஊறுகாயும் வாழைப்பழமுமாகக் கழித்தாள்.

அவள் தங்கியிருந்த சின்ன விடுதியை நடத்திய பெண்ணுக்கும் கிட்டத்தட்ட அவளுடைய வயது. ராசமலர் தினமும் வெளிக்கிடுவதையும், சாப்பாட்டைத் தள்ளி வைப்பதையும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை, தோட்டம் ஒன்றின் நுழைவுச் சீட்டை அன்பளிப்பாக நீட்டினார். ராசமலர் கையை எடுத்துக் கும்பிட்டு மறுத்தாள். அந்தப் பெண் விடவில்லை. மொழிபெயர்க்கிற கைபேசியை எடுத்து ஏன் என்று கேட்டார். ராசமலர் டேனிஷில் எழுதினாள்: வீட்டில் ஒரு சாவு. அதனால் கோயிலுக்குள் போகக் கூடாது.

அந்தப் பெண் வாசித்துவிட்டு, இங்கேயும் அப்படி உண்டு என்று எழுதினார். சாவு நடந்த வீட்டார் அந்தச் சிவப்பு வாசல்களுக்குள்ளால் போகமாட்டார்களாம். பிறகு கேட்டார்: இறந்தது யார்?

ராசமலர் கைபேசியை வாங்கினாள். அரசாங்கம் கடிதத்தில் போடுகிற சொல்லை எழுதினாள். அழித்தாள். தெரிந்தவர் என்று எழுதினாள். அதையும் அழித்தாள். அந்தோனிதாசன் நின்ற அதே இடத்தில் அவளும் நின்றாள். பிறகு ஒரேயடியாக எழுதினாள்: என் கணவர்.

அந்தப் பெண் சீட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு இடுப்பு வளைய வணங்கினார். நெடுநேரம் நிமிரவில்லை. ராசமலருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் வணங்கினாள்.

(இந்தக் காட்சியில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு. அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவளுக்கு நான் கொடுத்த ஒரே நல்ல காலை அது. வைத்திருக்கிறேன், குறை சொல்பவர்கள் சொல்லட்டும்.)

8

திரும்பி வந்தாள். வேலையிடத்தில் கிறிஸ்ரினா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எல்லாம் மதிலாக் கிடக்கு?" என்றாள். உள்ளே சரியான சனம் என்று ராசமலர் சொன்னாள். வெளியே மூன்றரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

துடக்கு இன்னும் கழியவில்லை. முப்பத்தொன்று இனித்தான் வரும். இதற்கு ஒரு முடிவு வேண்டும். நான் எழுதிக் கிழித்தவை:

சரோஜினிதேவி தொலைபேசி எடுக்கிறார். "மலர், முப்பத்தொண்டுக்கு நீரும் வரவேணும், அண்டைக்கு நான் சொன்னது பிழை…" பக்கம் பக்கமாக எழுதினேன். வாசித்துப் பார்த்தால் அது சரோஜினிதேவி கதைத்ததாகவே இல்லை, நான் பெண்குரலில் கதைத்தது போல இருந்தது. நல்லவர்கள் தாங்கள் செய்தது பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அவர்கள்தான் நல்லதைச் செய்துவிட்டார்களே.

இன்னொன்று. ராசமலர் அழைப்பில்லாமல் இஷொய் மண்டபத்துக்குப் போகிறாள். கடைசி வரிசையில் இருக்கிறாள். பாலேந்திராவின் மூத்த மகன் நிதுஷன், அச்சு அசல் தகப்பனின் முகத்தோடு, யாரென்று தெரியாமல் அவளுக்குச் சோறு பரிமாறுகிறான். இதை வாசித்த என் நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் காரணத்துக்காகவே எடுத்துவிட்டேன். அத்தோடு, ராசமலர் போகமாட்டாள். கிருசாந்தியின் துக்கத்துக்குள் போய்க் கதிரை போட்டு இருக்கிற ஆள் இல்லை அவள்.

மூன்றாவது, அவள் எல்லாவற்றையும் மறந்து புது வாழ்க்கை தொடங்கு

வேண்டாம்.

9

ஆகவே, முப்பத்தோராம் நாள். மூன்றாம் மாடி. பகல்.

ராசமலர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். விடிய எழும்பி முழுகி, வீடு கழுவிச் சமைக்கத் தொடங்கினாள். பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, ரசம், வடை, பாயசம். வாழைக்காய்ப் பொரியல் மட்டும் ஓரம் கருகக் கருகப் பொரித்தாள். பாலேந்திராவுக்கு அப்படித்தான் வேண்டும், கருகாத துண்டைத் தள்ளி வைத்துவிடுவான். இஷொயில் இதை யாராவது அறிவார்களோ என்று யோசித்தாள். அறிந்திருப்பார்கள். அவன் அங்கேயும் தள்ளி வைத்திருப்பான். அப்படி நினைத்தபோது அவளுக்குப் பொறாமை வரவில்லை, இரண்டு சமையலறைகளில் ஒரே பொரியல் கருகுகிறது என்பது ஒரு துணையாகக்கூட இருந்தது.

படைத்தாள். கும்பிட்டாள். சத்தம் போட்டு அழுதாள். எல்லாம் முடிந்தது. ஒன்று மட்டும் மிச்சம்.

சமைத்தவள் தானே சாப்பிட்டால் துடக்குக் கழியாது. வெளியாள் ஒருவராவது வந்து, இருந்து, சாப்பிட்டு எழும்பவேண்டும். அதுதான் முறை. செத்த வீட்டில் வந்து கை நனைத்தால், இது செத்த வீடுதான் என்று வந்தவர் ஒத்துக்கொள்கிறார். வாழையிலை போட்டு வைத்த சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் அவள் யாரை இருத்துவாள்?

கிறிஸ்ரினாவை அனுப்பலாம் என்று பார்த்தேன். வேலை முடிந்து வருவாள், ஆசையாகச் சாப்பிடுவாள், கறி நல்லம் என்பாள். ஆனால் அவள் சாப்பிடுவது வெறும் மத்தியானச் சாப்பாடு. ராசமலர் சொல்லமாட்டாள், கிறிஸ்ரினாவுக்குத் தெரியாது. தெரியாமல் சாப்பிட்டால் கணக்கில் வராது.

நானே போனேன். எழுதிப் பார்த்தேன்: "வாசல் மணி அடித்தது. ராசமலர் கதவைத் திறந்தாள். எழுத்தாளர் நின்றார்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள்தானே என்னை இப்பிடித் தனிய விட்டனீங்கள்?" என்று கேட்டாள். அந்தப் பந்தியை அழித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இது என்ன சாப்பாடு என்று தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். சமைத்தவள், எழுதியவர், பிறகு நீங்கள். முதல் இரண்டு பேரும் உதவாது. இவ்வளவு தூரம் வாசித்து வந்துவிட்டீர்கள், இனி எனக்கு வேறு ஆளைப் பிடிக்க நேரமும் இல்லை, சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

படியால் ஏறுங்கள். மணி அடியுங்கள். சப்பாத்தை வெளியே கழற்றுங்கள். அவள் திகைத்துப்போய் உங்களைப் பார்ப்பாள், யாரென்று கேட்டாலும் கேட்பாள். ஒன்றும் விளக்க வேண்டாம். கையைக் கழுவிவிட்டு இலைக்கு முன்னால் இருங்கள். போட்டதைச் சாப்பிடுங்கள், கருகின துண்டையும். வயிறு நிறைந்ததும் எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்குங்கள். பழக்கதோசத்தில் வாய் வரைக்கும் வரும், என்றாலும் "போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செத்த வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை.